புளிப்பு சாரும் ஒரு மூட்டை சுண்ணாம்பும்

மழைக்கு மார்க் போட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓர் உரக்கடையின் மாடியில் இருந்த எங்கள் ஆபீசில் வேலை பார்த்தார். மற்ற ஊர்களில் மழை எவ்வளவு பெய்தது என்று அளப்பார்கள். இவர் பெய்த மழையின் யோக்கியதையை அளந்தார். தூறல் விழுந்ததும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நாலு சொட்டு பிடிப்பார், நாக்கில் விடுவார், கண்ணை மூடிக்கொள்வார். கல்யாண வீட்டில் ரசம் ருசி பார்க்கும் சமையற்காரர்கூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார். பிறகு தீர்ப்பு வரும்.

"போன வாரத்துக்கு இது புளிப்பு ஜாஸ்தி."

அதனால் அவர் புளிப்பு சார். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அதை மாதாமாதம் டைப் அடித்தவன் நான்தான். ஆனாலும் ஒருநாள் அந்தப் பெயரைச் சொல்லி ஒருவர் தேடிவந்தபோது, "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று நானே திருப்பி அனுப்பிவிட்டேன். வந்தவர் அவருடைய மாமனார்.

"சார், மழையில இருக்கிற புளிப்பு நாக்குக்குத் தெரியாதுன்னு உங்க புத்தகத்துலயே போட்டிருக்குதே" என்று ஒருமுறை கேட்டேன்.

"புத்தகத்துக்கு நாக்கு இருக்குதா?" என்றார்.

ஆனால் பதிவேட்டில் நாக்கின் தீர்ப்பை ஒருநாளும் எழுதியதில்லை. அதற்கு ஒரு காகிதம் உண்டு. தண்ணீரில் தோய்த்தால் நிறம் மாறும். பச்சை என்றால் நடுநிலை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று போகப் போகப் புளிப்பு. நீலமானால் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி காரம், அதாவது புளிப்புக்கு நேர் எதிர். தோய்த்த காகிதத்தைக் காய வைத்து, பதிவேட்டில் தேதிக்கு எதிரே ஒட்டி, பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்.

எங்கள் ஆபீசின் பெயர் மிக நீளம். போர்டில் இரண்டு வரிக்கு வரும். வேலை மட்டும் சின்னது. கல்வராயன் மலையில், வெள்ளிமலை பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால், காட்டுக்குள் ஓர் ஓடை வரும். அந்தச் சரிவில் விழும் மழையெல்லாம் அந்த ஓடை வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். ஓடைக்குக் குறுக்கே இடுப்பு உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர், பக்கத்தில் மழையைப் பிடிக்க ஒரு புனல். திங்கட்கிழமைதோறும் மழைநீர் ஒரு பாட்டில், ஓடைநீர் ஒரு பாட்டில் எடுத்துச் சோதிக்க வேண்டும். பத்து வருஷம், ஒரு வாரம்கூட விடக் கூடாது. முடிவில் மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து பார்த்து, திருப்தி என்றால் இன்னும் பத்து வருஷம் நீட்டிப்பார். இல்லையென்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

எண்பதுகளில் நான் அங்கே தினக்கூலி டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது ஏழு வருஷம் ஓடியிருந்தது. ஏழு வருஷத்துத் திங்கட்கிழமைகளில் ஒன்றுகூட விட்டுப் போகவில்லை. புளிப்பு சாருடைய கல்யாணத்துக்கு முதலில் குறித்த முகூர்த்தம் ஒரு திங்கட்கிழமையாம். எங்கள் மேனேஜர் அந்தக் கதையை வாரம் ஒருமுறை சொல்வார்.

"அன்னிக்கு எனக்கு ஓடையில வேலை இருக்குது, நான் வர முடியாதுன்னுட்டான்யா. அவங்கப்பா, 'டேய், நீதான்டா மாப்ள'ன்றாரு. இவன், 'அதுக்கின்னா, நீங்கள்லாம் இருக்கீங்களே'ன்றான்."

முகூர்த்தம் புதன்கிழமைக்குப் போனது.

மழை எதற்காகப் புளிக்க வேண்டும் என்று யாரும் அவரைக் கேட்கத் தேவையில்லை. கேட்காமலே சொல்வார். டீக்கடையில் சொல்வார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வார். சலூனில் சொன்னபோது கடைக்காரர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டே இருந்ததில், சார் அன்று பாதி மீசையோடு ஆபீஸ் வந்தார். என்னிடம் குறைந்தது ஐம்பது தடவை சொல்லியிருப்பார்.

"எங்கயோ கரி எரியுது. பொகை மேல போவுது. மேல போனது அங்கயே குடித்தனம் பண்ணுமா? மழையோட சேந்து நம்ம மலையில வந்து எறங்குது."

"எறங்குனா இன்னா சார்? காடு பச்சையாத்தானே இருக்குது."

"அங்கதான்யா விஷயம். மண்ணுல சுண்ணாம்புச் சத்து இருக்குது. வர்ற புளிப்பையெல்லாம் அது தின்னுக்கினே இருக்கும். அதுவரைக்கும் ஓடைக்கு ஒண்ணும் தெரியாது, நல்லாத்தான் ஓடிக்கினு இருக்கும். ஒரு நாளைக்கு அந்தச் சத்து தீந்து போவும். அப்பறம் மரம் உச்சியில இருந்து மொட்டையாவும். நத்தை ஓடு அப்பளமா நொறுங்கும். அன்னிக்குப் போயி பொகையை நிறுத்துனா, மழை திருந்திடும். மண்ணு திருந்தாது. அதுக்கு நம்ம பேரப்பசங்க காலம் ஆவும்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. நான் சிரிப்பை அடக்கிக்கொள்வேன். பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து வேகமாகப் புரட்டிக் காட்டியபிறகுதான் எனக்கும் சிரிப்பு நின்றது. ஓடைக்கு எதிரே ஒட்டிய காகிதங்கள் முதல் சில வருஷங்கள் பச்சையாக இருந்தன. அப்புறம் பச்சையில் மஞ்சள் கலந்து, கடைசிப் பக்கங்கள் முழு மஞ்சளாகியிருந்தன. தடுப்புச் சுவரைக் காவல் காத்த மலைவாசி சடையனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவரும் அந்தப் பதிவேட்டைப் படித்துவிடுவார்.

"வர வர மஞ்சக்காமாலை ஜாஸ்தியாவுதுங்க" என்பார்.

சாருக்கு இன்னொரு மதம் உண்டு. அது பாட்டில் கழுவுவது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதுதான் வேலை. காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒவ்வொரு பாட்டிலையும் ஏழு முறை கழுவுவார், ஒவ்வொரு முறையும் சத்தமாக எண்ணுவார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடி ஒன்றிலிருந்து. சோப்பு என்ற பொருளை ஆபீசுக்குள் விட மாட்டார். மேனேஜர் மதியம் கை கழுவ ஒரு சோப்புத் துண்டை வாங்கி வந்து மேஜைக்குள் ஒளித்து வைத்திருந்தார். அதற்காக மேனேஜருக்கே மெமோ கொடுக்க முடியுமா என்று சார் விதிமுறைப் புத்தகத்தில் தேடினார்.

ஓட்டலுக்குக் கூட்டிப் போனால் மானம் போகும். தண்ணீர் வைத்த சர்வரைப் பார்த்து, "இந்த டம்ளரை எத்தினி தடவ கழுவுன?" என்பார்.

"ஒரு தடவதாங்க."

உடனே எழுந்து டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுவார். ஒருநாள் அந்த சர்வர், "அப்படியே அந்த ரெண்டு டேபிள் டம்ளரையும் எடுத்துக்கினு போங்க சார்" என்றார். இவர் எடுத்துக்கொண்டு போனார்.

அப்படிக் கழுவிய பாட்டில்களை மரப்பெட்டியில் அடுக்கி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, அதற்கும் ஒரு டிக்கெட் எடுப்பார். கள்ளச்சாராயத்துக்குப் பேர்போன அந்த மலையிலிருந்து பாட்டிலோடு இறங்குகிறவரை போலீஸ் சும்மா விடுமா? அடிவாரத்தில் சாராயச் சோதனை நடந்த ஒருநாள் பஸ்ஸில் ஏறிய போலீஸ்காரர் பெட்டியைத் திறந்தார்.

"இன்னா இது?"

"தண்ணிங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று ஒரு பாட்டிலைத் திறந்து விரலை உள்ளே விட்டு நக்கிப் பார்த்தார். முகம் மாறியது. "தண்ணியேதான்யா" என்றார், ஏமாந்துபோனவராக.

சார் அவரோடு சண்டை போடவில்லை. பதிவேட்டை எடுத்தார். அதில் 'குறிப்பு' என்று கடைசியாக ஒரு கட்டம். தண்ணீருக்கு நேர்ந்தது எதுவானாலும் அதில் ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. 'காக்கை புனலில் அமர்ந்தது, மூன்று நிமிடம்.' 'சடையன் தும்மினார், காற்று எதிர்த்திசை.' அந்த வரிசையில் அன்று, 'போலீஸ் விரல், ஒன்று' என்று எழுதினார். ஒரு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 'வலது கை ஆள்காட்டி விரல்' என்று அவர் சொல்ல, நான் பதில் டைப் அடித்தேன்.

"குறிப்புல பொய் எழுதுனா, மீதி எல்லாமே பொய்யாப் பூடும்யா" என்பார். அது எனக்கு அப்போது சும்மா ஒரு பேச்சாகத்தான் பட்டது.

பத்தாவது வருஷம் முடிந்தது. பெரிய அதிகாரி ஒரு திங்கட்கிழமை வருகிறார் என்று தந்தி வந்தது. சார் மூன்று நாள் சாப்பிடவில்லை.

"இன்னும் பத்து வருஷம் குடுத்துடணும். காகிதம் இப்பத்தான் நெறம் மாறுது. இன்னிக்கு வுட்டுட்டா, அப்பறம் அந்தக் காட்டுக்கு இன்னா ஆச்சுன்னு சொல்ல நாதி இருக்காது" என்று என்னிடமும், டைப்ரைட்டரிடமும், உரக்கடைக்காரரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே அதிகாரியின் கையில் இன்னொரு காரியமும் இருந்தது. என் வேலையை நிரந்தரமாக்கும் ஃபைல். மூன்று வருஷமாகத் தினக்கூலி. வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மலை மேல வரவேற்பு ஏற்பாடெல்லாம் உன் பொறுப்பு. அய்யா மனசு குளிரணும். உன் ஃபைலும் அவர்கிட்டதான் போவுது, ஞாபகம் வெச்சிக்கோ."

புளிப்பு சாரும் என்னைக் கூப்பிட்டார். "ஓடைப்பக்கம் மாலை கீலை வேணாம். பந்தல் வேணாம். தேங்காய் ஒடைக்கக் கூடாது. சூடம் கொளுத்தக் கூடாது. தெரியுதா?"

தெரிந்தது. நான் மாலை வாங்கவில்லை, பந்தல் போடவில்லை, தேங்காயும் சூடமும் எடுத்துப் போகவில்லை. ஒரே ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடி மட்டும் எடுத்துப் போனேன்.

இதைப் படிக்கும் உங்களில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள் என்னை மன்னிப்பீர்கள். நம் நாட்டில் ஓர் அதிகாரி நடந்து வருகிறார் என்றால் பாதையின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு இருந்தாக வேண்டும். அதை யாரும் ஏற்பாடு என்றே நினைப்பதில்லை. அதிகாரிக்குச் செருப்பு மாதிரி அது. சுண்ணாம்பு வேண்டாம் என்று சொல்ல சாருக்கும் தோன்றவில்லை, கேட்க எனக்கும் தோன்றவில்லை. மண்ணில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைப் பற்றி ஐம்பது தடவை கேட்ட காது இது.

ஞாயிற்றுக்கிழமை சார் ஆபீசில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். நானும் சடையனும் மலையில் ஒற்றையடிப் பாதை நெடுக, ஓடைக்கரை வரைக்கும் கோடு போட்டோம். மூட்டையில் பாதி மிச்சம் இருந்தது. தடுப்புச் சுவருக்கு மேலே ஒரு பெரிய பாறை, பார்த்தாலே எழுதத் தோன்றும் பாறை. சுண்ணாம்பைக் குழைத்து ஒரு முழ உயர எழுத்தில் 'நல்வரவு' என்று எழுதினேன். மிச்சப் பொடியைக் கரையிலேயே கொட்டி அலங்காரமாகப் பரப்பினோம்.

சடையன் தள்ளி நின்று பார்த்தார். "கல்யாண வூடு மாதிரி இருக்குதுங்க" என்றார்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. நான் சடையன் வீட்டு வாசலில் நின்று, என் கோடெல்லாம் போச்சே என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். அது எங்கே போகிறது என்று மட்டும் யோசிக்கவில்லை.

காலையில் அதிகாரி வந்தார். கூடவே மேனேஜர், பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு புளிப்பு சார். பாதையில் கோட்டின் அடையாளமே இல்லை. அதிகாரி நல்ல மனிதர். மூச்சு வாங்க நடந்து வந்தும் பதிவேட்டை ஒரு பக்கம் விடாமல் பார்த்தார். பச்சை மஞ்சளாகும் இடத்தில் நின்று, இரண்டு முறை முன்னும் பின்னும் புரட்டினார். "அருமையான வேலை" என்றார். சாரின் காது சிவந்தது.

"இன்றைய சாம்பிளை என் எதிரிலேயே எடுங்கள்."

சார் தண்ணீருக்குள் இறங்கினார். பாட்டிலை நிரப்பினார். காகிதத்தைத் தோய்த்தார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். காகிதம் காலண்டர் கிருஷ்ணர் மாதிரி நீலமாக இருந்தது.

சார் காகிதத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், பிறகு தலையைத் தூக்கி மேலே பாறையைப் பார்த்தார். மழை என் நல்வரவை முழுசாகக் கழுவிவிடவில்லை. கடைசி எழுத்து மட்டும் மங்கலாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே சுண்ணாம்பு ஓடையில் இறங்கிய தடம். அங்கிருந்து அவர் கண் நேராக என் மேல் வந்தது.

அவர் மெதுவாகக் கரையேறினார். தோளில் இருந்த ஈரத்துண்டைப் பிழிந்து, காயப் போடுகிறவர் மாதிரி அந்த எழுத்தின் மேல் விரித்துப் போட்டார்.

"ஓடை இப்படிக் காட்டுவதற்கு வாய்ப்பே இல்லையே. ராத்திரியில் யாராவது எதையாவது கொட்டினார்களா?" என்று அதிகாரி கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சார் முந்திக்கொண்டார்.

"இல்லைங்க. பாட்டில் சரியா கழுவல. சோப்பு ஒட்டிக்கினு இருந்திருக்கும்."

மேனேஜர் அவரை உற்றுப் பார்த்தார்.

"வேறு பாட்டிலில் எடுங்களேன்."

"எல்லாமே ஒண்ணாக் கழுவுனதுங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "பத்து வருஷமும் இப்படித்தான் கழுவினீர்களா?"

சார் பெட்டியில் இருந்த பாட்டில்களைப் பார்த்தார்.

"சொல்ல முடியாதுங்க" என்றார்.

பதிவேட்டை வாங்கி, நீலக் காகிதத்தை ஒட்டி, குறிப்புக் கட்டத்தில் எழுதினார். 'பாட்டில் சரியாகக் கழுவப்படவில்லை. பதிவாளர் தவறு.' கையெழுத்துப் போட்டார். எழுத்து கொஞ்சம்கூட நடுங்கவில்லை. உண்மையைச் சொல்ல எனக்கு அன்று முழுக்க நேரம் இருந்தது. மலையிலிருந்து இறங்க ஒரு மணி நேரம், ஜீப்பில் ஒன்றரை மணி நேரம். நான் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது.

மூன்று மாதத்தில் என் வேலை வேறோர் ஆபீசில் நிரந்தரமானது. அதே தபாலில் ஓடை நிலையத்தை மூடும் உத்தரவும் வந்தது. இரண்டையும் பிரித்துப் படித்தவன் நான்தான். பதிவேடுகளைக் கழித்துக் கட்டச் சொல்லியிருந்தார்கள். சாரைச் சின்னசேலத்தில் சாதாரண மழைமானிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே மழை எவ்வளவு என்று சொன்னால் போதும், எப்படி என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

என் மகளுக்கு இரண்டு வயதாகிற வரைக்கும் எனக்கு அவர் முகத்தில் விழிக்கத் தைரியம் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். அவர் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு" என்றார். நான் பேசாமல் நின்றேன். "ஆறு. ஏழு. ஒக்காருய்யா. வூட்ல எல்லாம் சௌக்கியமா?"

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். கோடு, பாறை, நல்வரவு, மழை. அவர் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"தெரியுமேய்யா. எழுத்து கொஞ்சம் கோணலா இருந்துச்சி. டைப்பிஸ்டுக்குக் கையெழுத்து வராதுன்றது சரிதான்."

"ஏன் சார் சொல்லாம வுட்டுட்டீங்க?"

"சொல்லியிருந்தா உன்ன அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பியிருப்பான். ஓடைக்கு அவசரம் இல்ல. உனக்கு இருந்துச்சி." பாட்டிலை வெயிலில் கவிழ்த்து வைத்தார். "அது கெடக்கட்டும். உன் சுண்ணாம்பு எத்தினி நாள் தாங்குச்சு தெரியுமா? நான் திங்கக்கெழமைக்குத் திங்கக்கெழமை போயிப் பாத்துக்கினே இருந்தேன். மூணு வாரம் பச்சையாவே இருந்துச்சி. சடையன் ஆடிப் பூட்டான், ஓடைக்கு ஒடம்பு நல்லாயிடுச்சின்னு. நாலாவது வாரம் பழையபடி மஞ்சள். ஒரு மூட்டைக்கெல்லாம் அந்த மண்ணு மசியாதுய்யா. அவ்ளோ வருஷத்துப் பசி."

அவர் இன்னமும் போய்க்கொண்டிருந்தார். மூடிய நிலையத்துக்கு, சொந்த லீவில், சொந்தப் பாட்டிலோடு. கழித்துக் கட்டச் சொன்ன பதிவேட்டையும் ஆபீசிலிருந்து தூக்கி வந்து, அதிலேயே காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். யார் கேட்கப் போகிறார்கள் என்று கேட்டதற்கு, "ஓடை என்னை வரச்சொல்லல. நானாத்தான் போறேன்" என்றார்.

அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். சார் டம்ளரை வாங்கிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏழு தடவ கழுவிட்டேன். குடிங்க" என்றார் அந்த அம்மாள்.

பல வருஷம் கழித்து, சார் காலமான பிறகு, அந்தப் பதிவேடு என்னிடம் வந்தது. என்னிடம் கொடுக்கச் சொல்லியிருந்தாராம். பச்சையிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து ஆரஞ்சு, நடுவில் ஒரே ஒரு நீலம், அதையடுத்து மூன்று பச்சை. அந்த மனிதர் வாழ்நாளில் எழுதிய ஒரே பொய் அந்த நீலத்துக்கு எதிரே இருந்தது, அதுவும் எனக்காக. நான் பேனாவை எடுத்தேன். குறிப்புக் கட்டத்தில் மிச்சமிருந்த இடத்தில், என் கோணல் எழுத்தில், தேதி போட்டு எழுதினேன்:

'சுண்ணாம்பு, ஒரு மூட்டை. டைப்பிஸ்ட் தவறு. பாட்டில் ஏழு முறை கழுவப்பட்டிருந்தது.'